காசிமிரோவின் கேமரா ஸ்டாண்டும் நாற்பது குக்கரும்

காசிமிரோ அப்பாசா பானைக்கடை பிலோமெனாவுக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து இருநூறு பொலிவியானோ. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. பொலிவியாவின் மலையுச்சி ஊரான எல் ஆல்தோவின் சந்தையில் முப்பது வருஷம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்த இரண்டு பேருக்கு நடுவில் காகிதம் எதற்கு? ஜூன் மாதம் சான் ஹுவான் திருநாளுக்குள் தருகிறேன் என்றார். சரி என்றாள். பாவாடை மடிப்புக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஆனால் காசிமிரோ கடன் வாங்கினார் என்பதே சந்தைக்குப் பெரிய செய்தி. பதினோரு வயதில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு மேட்டுவெளியிலிருந்து நடந்து வந்தவர் அவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் வாத்தியார் பாதி நாள் வரவில்லை. மூட்டை தூக்கினார். மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர் கூவினார். பிறகு பழுதான குக்கர்களைச் சரிசெய்யத் தானாகக் கற்றுக்கொண்டார். முதல் குக்கர் வெடித்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. அந்த ஓட்டைதான் குரு. அதிலிருந்து தொடங்கி மூன்று மாடி எழுப்பினார், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார். "இந்த வீட்டுல என் கை படாத செங்கல் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசையில் இருப்பது பதினோரு முடி. இருந்தாலும் சொன்னால் சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்டவரைக் கடனாளி ஆக்கியது ஒரு வீடியோ.

அவர் மனைவி நிக்கோலாசா சந்தை முனையில் அப்பி விற்கிறாள்; ஊதாச் சோளத்தில் காய்ச்சிய, நாக்கைச் சுடும் கஞ்சி. விடிகாலைக் குளிருக்கு அதைக் குடிக்காமல் யாரும் கடை விரிப்பதில்லை. அங்கே ஒருநாள் கஞ்சி குடிக்க வந்தவன் போனில் ஒரு பையன் குக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் பளபளவென்று அடுப்படி, முகத்தில் பூப்போல வெளிச்சம். குக்கரைத் திருப்பிக் காட்டினான், நகத்தால் தட்டினான், மூடியைத் திறந்து மூடினான். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் என்றான்.

காசிமிரோ கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "எப்போ சமைப்பான்?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு தோன் காசிமிரோ. அவ்ளோதான்" என்றான் போன்காரன். பெரியவர்களை இங்கே தோன், தோன்யா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"சமைக்கவே இல்லையே! மாப்பிள்ளையோட சட்டையை மட்டும் பார்த்துட்டு மாப்பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்கிறான் பாரு. இதை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"நாலு லட்சம்."

காசிமிரோ கோப்பையைக் கீழே வைத்தார். நாலு லட்சம் பேர்! முப்பது வருஷத்தில் தன் கையில் ஏறி இறங்கிய குக்கர்களை அவர் மனக்கணக்காக எண்ணிப் பார்த்தார். அன்றே பிலோமெனாவிடம் போனார். பழைய போன் தொள்ளாயிரம், முகத்துக்கு அடிக்கிற வட்ட விளக்கு நூற்று நாற்பது, மூன்று கால் ஸ்டாண்டு எண்பது, சட்டைக் காலரில் மாட்டுகிற மைக் எண்பது. கணக்கு சரியாக ஆயிரத்து இருநூறில் வந்து நின்றது.

பிலோமெனா சிரித்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள் இருவரும். ஒருவரை ஒருவர் காசேரோ, காசேரா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "என்ன காசேரோ, இந்த வயசுல சினிமாவா? கதாநாயகி யாரு, நிக்கோலாசாவா, நானா?"

"குக்கர்தான் கதாநாயகி" என்றார் காசிமிரோ.

சாமான் வந்து சேர்ந்தது கார்னிவல் செவ்வாய்க்கு முந்தின நாள். அந்தச் செவ்வாயன்று புதுப் பொருள் எதையும் சும்மா விடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வீடு, லாரி, தையல் மிஷின், எதுவானாலும் காகிதச் சுருள் கட்டி, வண்ணப் பொடிக் காகிதம் தூவி, நாலு மூலைக்கும் பீர் ஊற்றிப் பூமித்தாய்க்குக் கொடுத்துவிட்டுத்தான் தொழிலில் இறக்குவோம். நிக்கோலாசா மாடியில் மேசை போட்டு விளக்கையும் ஸ்டாண்டையும் மைக்கையும் ஜோடித்து வைத்தாள். விளக்கு எரிந்தால்தான் அழகு என்று எரியவும் விட்டாள்.

"பார்த்து ஊத்துடி" என்றார் காசிமிரோ, போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டே.

"பார்த்து ஊத்தறதா? பக்கத்து வீட்டு மினிபஸ்ஸுக்கு என்ஜின் மேலயே ஊத்தினேன், பதினாலு வருஷம் ஓடிச்சு. கஞ்சத்தனமா ஊத்தினா கஞ்சத்தனமாத்தான் சம்பாதிக்கும்" என்று நிக்கோலாசா பாட்டிலைக் கவிழ்த்தாள்.

விளக்கு ஒருமுறை புஸ்ஸென்றது. அப்புறம் டப்பென்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மைக் கிடந்த தட்டில் பீர் குளம் கட்டி, அதன் மேல் வண்ணக் காகிதம் மிதந்தது. பதறிப்போய் விளக்கைப் பிடிக்கப் பாய்ந்தார் ருஃபீனோ. பாண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதுகிறவர், காசிமிரோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். நூற்றுப் பத்துக் கிலோ. அவர் விழுந்தது ஸ்டாண்டின் மேல்.

மிஞ்சியது காசிமிரோ கையிலிருந்த போன் மட்டும். அதில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"பூமித்தாய்க்குப் பயங்கரத் தாகம் போல, பங்காளி" என்றார் ருஃபீனோ தரையிலிருந்தபடியே.

"அவளுக்குத் தாகம். உனக்கு என்னடா கேடு?"

மூன்று நாள் காசிமிரோ மாடிப் பக்கமே போகவில்லை. பிலோமெனாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சினிமா என்னாச்சு என்று அவள் கேட்டபோதெல்லாம் "நடந்துக்கிட்டிருக்கு, காசேரா" என்றார். நாலாம் நாள் பழைய குக்கர் கேஸ்கட் ஒன்றைக் கையில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தார். கையை நம்பி வந்தவன் கடையை நம்பிக் கெட்டேன் என்று சொல்லிக்கொண்டார்.

ருஃபீனோ பாவத்துக்குப் பரிகாரமாகத் தன் இசைக்குறிப்பு நோட்டு வைத்து ஊதுகிற இரும்பு ஸ்டாண்டைக் கொடுத்தார். அதன் தட்டில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு கேஸ்கட்டைக் குறுக்காக மாட்டினார் காசிமிரோ. மேட்டுவெளிக் காற்று ஆளையே தள்ளும், ஸ்டாண்டு எம்மாத்திரம்? காலில் மணல்பையைக் கட்டினார். இனி ஆடட்டும் பார்க்கலாம்.

வெளிச்சம் அடுத்த பாடு. எங்கள் ஊர் வெயிலுக்கு நடுவாந்தரம் தெரியாது. ஒன்று சுட்டுவிடும், இல்லையென்றால் நிழலில் தள்ளிவிடும். தொப்பி விளிம்புக்குக் கீழே காசிமிரோவின் முகம் கரிச்சட்டிபோலத் தெரிந்தது. சைக்கிள் சக்கர வளையத்தில் மகளின் முதல் நற்கருணை முக்காட்டை இழுத்துக் கட்டித் தலைக்கு மேல் தொங்கவிட்டார். வெயில் பால்போல இறங்கியது. திருவிழாச் சமையலுக்கான பெரிய அண்டாவின் மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எதிரே சாய்த்து வைத்தார். நிழல் போன இடம் தெரியவில்லை.

மைக்குக்குப் பத்து பொலிவியானோவுக்கு விற்கிற ஒயர் இயர்போன் போதும். ஆனால் காற்று? பேச்சைப் போட்டுக் கேட்டால் மாவு மிஷினுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. நிக்கோலாசா தன் பின்னல் நுனியில் கட்டுகிற கருப்புக் கம்பளிக் குஞ்சத்தை அவிழ்த்து நீட்டினாள். "இதைச் சுத்திப் பாரு." சுற்றினார். காற்று வாயை மூடிக்கொண்டது.

"முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் உன் தலையில ஏதோ இருக்குன்னு ஒத்துக்கறேன்" என்றார்.

"தலையில இல்லய்யா, நுனியில. பீர் கணக்கு இதோட தீர்ந்துச்சு, சரியா?"

மேசைக்கு அவள் கோடு கோடான தன் நல்ல துணியை விரித்தாள். படத்தில் கோடு கண்ணைப் பறித்தது. குக்கர் காணாமல் போனது. வெறும் நீல ரெக்சினை விரித்த பிறகுதான் சாமான் எடுப்பாக நின்றது.

காசிமிரோவின் முறை எளிமையானது. அரைக் கிலோ உரித்த சோளம், முந்தின நாள் ஊறவைத்தது. அளந்த தண்ணீர். ஒரே அடுப்பு, ஒரே தீ. பக்கத்தில் பெரிய முள் கடிகாரம், எப்போதும் படத்துக்குள். வெயிட் ஆடத் தொடங்கியதிலிருந்து முப்பத்தைந்து நிமிஷம். அப்புறம் திறந்து, ஒரு சோளத்தை விரலால் நசுக்கி, ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். மெல்லும் சத்தம் மைக்கில் விழும். வெந்ததென்றால் "வெந்திருக்கு" என்பார். இல்லையென்றால் துப்புவார். அவர் துப்புவதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. மே மாதத்தில் ஆறாயிரம் பேர் அவர் வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சந்தையில் குக்கர் வாங்க வந்த பெண்கள் கடைக்காரிகளிடம், "இதை தோன் காசிமிரோ தின்னாரா, துப்பினாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜூன் முதல் வாரம் பிலோமெனா ஒரு புதுக் குக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"காசேரோ, இது போக நாற்பது பெட்டி இறக்கியிருக்கேன். மொத்தமா அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுது. என் சீட்டுப் பணம் ஏழாயிரமும் இதுலதான். உங்க வாயால ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஆயிரத்து இருநூறை மறந்துடறேன்."

"தின்னுட்டுச் சொல்றேன்" என்றார் காசிமிரோ.

மாடியில் முக்காட்டுக்குக் கீழே குக்கரை ஏற்றினார். முப்பத்தைந்து நிமிஷம். சோளம் பல்லில் நொறுங்கியது. ஐம்பது நிமிஷம். நிக்கோலாசா ஒன்றைக் கடித்துவிட்டு, "என் பல்லு இருக்கறதே ஒன்பது, அதையும் எடுத்துடுவே போல" என்றாள். மறுநாள் வேறு கேஸ்கட் போட்டுப் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் வேறு சோளம். கடைசியில் வெயிட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். முப்பது வருஷமாகக் குக்கர் வெயிட் தூக்கிய கை அது, தராசு வேண்டாம். பாதி எடைகூட இல்லை. கீழ்நாட்டுக்காரனுக்காகச் செய்த குக்கர். எங்கள் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிக்கும், ஆனால் வேகிற சூடு வராது. கனமான வெயிட் போட்டு ஆவியைத் திமிரத் திமிர அடக்கினால்தான் எதுவும் வேகும். பானை விற்றே பழுத்த பிலோமெனா இதில் ஏமாந்தாள் என்றால், மூடின பெட்டியை மூடினபடி மொத்தமாக வாங்கியதால்தான்.

அவளைத் தேடிப்போய் நேரில் சொன்னார்.

பிலோமெனாவின் முகம் அண்டா மூடி கவிழ்ந்ததுபோல் ஆயிற்று. "வேகலன்னா என்ன? இன்னும் அரை மணி நேரம் வைக்கட்டும். நீங்க கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஓ! உங்களுக்குத் தெரியும்! கையேந்தி வந்தப்போ இந்தத் தெரியும் எங்கே போச்சு? என் பணத்துல விளக்கு வாங்கி, அதுக்குப் பீர் குடுத்துக் கொன்னீங்க. சந்தையே சிரிக்குது, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மூணு மாசமா நானா வாய் திறந்து அதைப் பத்திக் கேட்டேனா?"

காசிமிரோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சான் ஹுவானுக்குப் பத்தொன்பது நாள் இருக்கு, தோன் காசிமிரோ" என்றாள். காசேரோ என்று சொல்லவில்லை. "பணத்தை எண்ணி வைங்க."

வீட்டில் டப்பாவைக் கவிழ்த்தார். நானூற்று எழுபது இருந்தது.

"பேசாம இருந்துடு" என்றாள் நிக்கோலாசா. "நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. நாற்பதும் வித்துப்போகும். வேகலேன்னு நாற்பது பேரும் உன்கிட்டதான் ரிப்பேருக்கு வருவாங்க. கடனும் அடையும்."

சரியான கணக்குதான். அதுதான் அவரைக் குத்தியது. பேசாமல் இருந்தால் காசு, பொய் சொன்னால் கடன் போச்சு, உண்மை சொன்னால் பிலோமெனாவின் சீட்டுப் பணம் ஏழாயிரமும் குப்பை. கஷ்டம் வந்தபோது அவர் வாசலுக்கு முதலில் ரொட்டியோடு வந்தவள் அவள். இரண்டாவது மகள் பிரசவத்தில் கிடந்தபோது மூன்று வியாழச் சந்தைகளில் அவர் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள் அவள். ஆனால் "வெந்திருக்கு" என்று ஒருதரம் பொய் சொன்னால், அப்புறம் காசிமிரோ அப்பாசாவின் நாக்குக்கும் நகத்தால் தட்டிய அந்தப் பையனுக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் காலை போர்வையில் குக்கரைக் கட்டினார். சோளம், கடிகாரம், சைக்கிள் வளையம், ட்ரம்பெட் ஸ்டாண்டு, எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கய்யா கிளம்பிட்டே, கல்யாண ஊர்வலத்துக்கா?" என்றாள் நிக்கோலாசா.

"கீழே கரனாவிக்கு. உன் தங்கச்சி வீட்டுக்கு. இந்தக் குக்கரை அது பொறந்த உயரத்துல வெச்சுப் பார்க்கணும்."

பஸ் கட்டணம் முப்பது. ஸ்டாண்டைப் பார்த்து, எந்த பாண்டு என்று கண்டக்டர் கேட்டான். "ஒத்தை ஆள் பாண்டு" என்றார். மலை விளிம்பில் ஒரு பகல் முழுக்க இறங்கி, பனி போய்ப் புழுக்கம் வந்து, சட்டை முதுகோடு ஒட்டியபோது கரனாவி வந்தது. மைத்துனி வீட்டு முற்றத்தில், ஆரஞ்சு மரத்தடியில், நீல ரெக்சினை விரித்தார். காற்றே இல்லை, மணல்பைக்கு வேலையில்லை. அதே சோளம். அதே அளவு தண்ணீர். வெயிட் ஆடியது. முப்பத்தைந்து நிமிஷத்தில் திறந்தார். சோளம் பூப்போல மலர்ந்திருந்தது. ஒன்றை நசுக்கினார், ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றும் போட்டார்.

"வெந்திருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். விக்கப் போகிறதென்று மைத்துனி தண்ணீர் கொடுத்தாள். அதுவும் படத்தில் இருக்கிறது.

மேலே எடுத்ததையும் கீழே எடுத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் போட்டார். மேலே துப்புகிறார், கீழே தின்கிறார். கடைசியில் கேமராவுக்கு நேராகப் பேசினார்: "எல் ஆல்தோக்காரங்களே, லா பாஸ்காரங்களே, இதை வாங்காதீங்க. வாங்கிட்டு என்கிட்ட வந்து அழாதீங்க. கீழ்நாட்டுக்காரங்களே, இந்த விலைக்கு இதைவிட நல்ல குக்கர் நான் தின்னதில்லை. கேஸும் கம்மி. தோன்யா பிலோமெனா கடையில நாற்பது இருக்கு. நல்ல மனுஷி. பேரம் பேசிக்கங்க, ஆனா ரொம்பப் பேசாதீங்க."

வியாழக்கிழமை சந்தையில் பிலோமெனா அவர் பக்கம் திரும்பவில்லை. வாங்காதீங்க என்று சொல்லச் சொல்லி அவரை யார் கேட்டார்கள்? பகல் முழுக்க ஒரு பெட்டி நகரவில்லை. காசிமிரோ கேஸ்கட் மாற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பெட்டி அடுக்கை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது. சாயங்காலமும் நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு கரனாவியிலிருந்து ஒரு லாரி வந்தது. லாரிக்காரி சரக்கை இறக்கின கையோடு, "துப்புற தாத்தா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிலோமெனாவிடம் இருபத்தாறு குக்கர் எடுத்தாள்; ஊரில் தெருத்தெருவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காசிமிரோவிடம் இரண்டு சாக்கைக் கொட்டினாள். முப்பத்திரண்டு பழுதான குக்கர். "எங்க ஊர்ல இதைத் தொடத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல. அடுத்த ஞாயிறு எடுத்துக்கறேன்."

"உங்க ஊர்ல மட்டுமா இல்ல?" என்றார் காசிமிரோ.

ஒன்றுக்கு இருபத்தைந்து. ஏழு நாள் இரவு பகல் பாராமல் உட்கார்ந்து முப்பத்திரண்டையும் முடித்தார்; லாரிக்காரி சொன்னபடி வந்து, காசை எண்ணிக் கொடுத்து எடுத்துப்போனாள். மிச்சமிருந்த பதினாலு பெட்டியும் அதற்குள், கீழ்நாட்டில் மகள், மருமகன், கொழுந்தன் இருக்கிறவர்கள் கையில் போய்ச் சேர்ந்தன. எல் ஆல்தோவில் அப்படி யாரும் இல்லாத குடும்பம் ஏது?

சான் ஹுவானுக்கு முந்தின ஞாயிறு, கடை கட்டுகிற நேரத்தில் பிலோமெனாவே எழுந்து வந்தாள். கையில் சூடான பணியாரமும் ஒரு குவளை அப்பியும். முன்னால் வைத்தாள்.

"அந்த ஆயிரத்து இருநூறு போகட்டும், காசேரோ. அதுக்கு மேலயும் தரேன். ஒரு பெட்டிக்கு இருபதுன்னு வைங்க."

"வேணாம், காசேரா. அதை வாங்கினா அப்புறம் என் வாயி உங்க வாயி ஆயிடும். அடுத்த குக்கரை எப்படித் துப்பறது?"

"கடனாவது விடுங்களேன். நான் அன்னிக்குக் கோவத்துல கேட்டது."

"நான் கோவத்துல வாங்கலையே. கையை நீட்டுங்க."

"இந்த மனுஷன் திமிரைப் பாரு! நிக்கோலாசா, இதைக் கட்டிக்கிட்டு எப்படிம்மா காலம் தள்ளுறே?"

"பீர் ஊத்தி" என்றாள் நிக்கோலாசா அந்தப் பக்கத்திலிருந்து.

பிலோமெனா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பானை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. காசிமிரோ எச்சில் தொட்டு நோட்டைப் பிரித்தார். நூறு, இருநூறு, முன்னூறு. சந்தைக் கூச்சலுக்கு மேலே கேட்கும்படி, நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி எண்ணினார். ஐம்பது நோட்டுகள் தீர்ந்து இருபதுகள் வந்தன, இருபதுகள் தீர்ந்து பத்துகள். ஆயிரத்து நூற்று எழுபது. எண்பது. தொண்ணூறு. கடைசிப் பத்துக்கு நோட்டில்லை. ஐந்து பொலிவியானோ நாணயம் இரண்டை எடுத்து, நோட்டுகளின் மேல், அவள் விரித்த உள்ளங்கையின் நடுவில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்.